பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

ஆர்ட் டைரக்டர் ஆகிவிட்டேன் என்று அவள் வீட்டில் சொன்ன அன்று, அப்பா செய்த முதல் காரியம் சித்தப்பாவுக்குப் போன் போட்டதுதான்.

"டேய், நம்ம பாப்பா சினிமாவுக்குப் போயிட்டாடா!"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆர்ட் டைரக்டர் என்றால் படத்துக்கு அரண்மனை கட்டுகிறவர், கோர்ட் கட்டுகிறவர், கடைசிச் சண்டையில் உடைவதற்கென்றே ஒரு மார்க்கெட்டைக் கட்டுகிறவர். நம்மில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு கம்பெனியின் வெப்சைட் எப்படி இருக்க வேண்டும், எந்த எழுத்து, எந்த நிறம், எங்கே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று முடிவு செய்து, டிசைனர்களை வைத்து வேலை வாங்குகிற ஆளுக்கும் அதே பெயர்தான் என்பதை யார் கண்டார்கள்?

"அப்பா, அது வேறப்பா. நான் வெப்சைட்தான் பண்றேன். இப்ப எனக்குக் கீழ ஆளுங்க இருக்காங்க, அவ்வளவுதான்."

"சரி சரி, வெளிய சொல்லக் கூடாதுன்னா நான் சொல்லல" என்றார் அப்பா. அந்த வாரத்துக்குள் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் சொல்லி முடித்தார்.

சித்தப்பா ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. வாழ்நாளெல்லாம் நீதிபதிகள் முன்னால் கைகட்டி நின்ற மனிதர். அவருக்கு ஒரே ஓர் ஆசை. ஒரு படத்திலாவது நீதிபதியாக உட்கார்ந்து, மேஜையைத் தட்டி, "ஆர்டர், ஆர்டர்" என்று சொல்லிவிட வேண்டும். நேர்ப்பார்வை, பக்கப்பார்வை, கோபப்பார்வை என்று போட்டோ எடுத்து ஒரு கவரில் போட்டுத் தயாராக வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கவரும் கூடவே வந்தது.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்த கதையும் அப்பாவிடமிருந்துதான் தொடங்குகிறது. அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்கூல் என்றால் கட்டடம் எல்லாம் இல்லை. ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, வாசலில் ஒரு பழைய வெள்ளைக் கார். கற்றுக்கொள்கிறவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்து சீட்டில் அப்பா இருப்பார். அப்பாவின் காலுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் அவளையும் அந்தக் காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டுதான் அப்பா பாடம் எடுப்பார். தெரியாத கைகள் ஓட்ட, லாரி எதிரே வர, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆபத்து என்று மனசில் பட்டால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பஸ்ஸிலும் அழுத்தும், வீட்டில் பால் பொங்கும்போதும் அழுத்தும்.

"அப்பனுக்கும் மகளுக்கும் இதே வேலை. சும்மா சோபாவுல உக்காந்திருந்தாலும் தரையை மிதிக்கிறது" என்று அம்மா கிண்டல் செய்வாள்.

கல்லூரியில் படித்தது கணக்கியல். அதில் அவளுக்கு ஒட்டவே இல்லை. கம்ப்யூட்டர் அறையில் மற்றவர்கள் வரவு செலவு போட்டுப் பழகும்போது, இவள் அந்தக் கட்டங்களுக்கு நிறம் கொடுத்துக்கொண்டிருப்பாள். அந்த நாளில் அவள் செய்த முதல் வெப்சைட் அப்பாவின் டிரைவிங் ஸ்கூலுக்குத்தான். கேட்டால் சிரிப்பீர்கள். பக்கத்தைத் திறந்தால் டயர் சுற்றும். ஹெட்லைட் கண்ணடிக்கும். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு நிறம். எல்லாவற்றுக்கும் மேலே, திறந்த மாத்திரத்தில் "பாம் பாம்" என்று ஹார்ன் அடிக்கும். அதை நிறுத்த வழியே கிடையாது. ஆபீசில் திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்து மாட்டிக்கொண்டவர்கள் அப்பாவுக்குப் போன் செய்து திட்டினார்கள். திட்டியவர்களில் பாதிப் பேரை அப்பா அதே போனில் பேசி மயக்கி, மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டார்.

அதைப் பார்த்து அந்தத் தெருக் கடைக்காரர்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். பூட்டுக் கடைக்காரருக்குச் சாவி திருகும் சத்தம் வேண்டும். தையல் கடைக்கு மிஷின் சத்தம். பல் டாக்டர் மட்டும் சத்தம் எதுவும் வேண்டாம் என்றார், அதுவும் நியாயம்தான்.

பிறகு ஒரு டிசைன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேதான் கண் திறந்தது. சுற்றுகிற டயரை விட, சும்மா நிற்கிற ஒரு வெள்ளை இடம் எவ்வளவு பேசும் என்று புரிந்தது. தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் விடாவிட்டால் கொம்பும் சுழியும் வெட்டுப்பட்டு, வார்த்தை மூளியாய் நிற்கும் என்று கண்டுபிடித்து, அதற்காகப் புரோகிராம் எழுதுகிறவர்களிடம் மல்லுக்கு நின்றாள். எந்தப் படத்தைப் பார்த்தாலும் "இன்னும் கொஞ்சம் மேலே", "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்", "இன்னும் கொஞ்சம் மங்கலா" என்பாள். ஆபீசில் அவளுக்குப் பெயரே 'இன்னும் கொஞ்சம்' என்று ஆனது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள் என்று பெயர் வாங்கினாள். அவள் செய்த துணிக்கடை சைட்டும், ஒரு மியூசியத்துக்காகச் செய்த சைட்டும் பேசப்பட்டன. யார் காலையும் பிடிக்காமல், யார் சிபாரிசும் இல்லாமல், ஹார்ன் சத்தத்தில் தொடங்கிய பெண் ஆர்ட் டைரக்டர் நாற்காலி வரைக்கும் வந்துவிட்டாள்.

வம்பு அந்த நாற்காலியில்தான் இருந்தது. உட்கார்ந்த பிறகும் அவளால் மவுஸை விட முடியவில்லை.

டிசைனர் ஒருவர் ஒரு பட்டனை வைத்துக்கொண்டிருப்பார். பின்னால் நின்று பார்ப்பாள். கை அரிக்கும். "ஒரு நிமிஷம் குடுங்க" என்று மவுஸை வாங்கினால் ஒரு நிமிஷம் ஒரு மணி நேரம் ஆகும். அந்த டிசைனர் எழுந்துபோய்க் காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், அவர் செய்த பக்கத்தில் அவருடையது என்று ஒன்றும் மிஞ்சியிருக்காது. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது அவளுடைய பக்கம். இப்படியே இரண்டு வேலைகள் முடிந்தபோது, அவள் டீமில் இரண்டு பேர் வேறு டீம் கேட்டுப் போய்விட்டார்கள்.

முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டார். சத்தம் போடவே மாட்டார். அதுதான் பயம்.

"உங்க கை நல்ல கை. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நான் இப்ப சம்பளம் குடுக்கிறது உங்க கைக்கு இல்லம்மா, கண்ணுக்கு. அடுத்து அந்த லேப் வேலை வருது. அதுலயும் மவுஸைப் பிடுங்கினீங்கன்னா, பழைய நாற்காலிக்கே போயிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

நான் தப்பா நினைக்க மாட்டேன் என்கிற வார்த்தைதான் அவளைப் பயமுறுத்தியது. பழைய நாற்காலி ஒன்றும் கேவலமானதல்ல. ஆனால் ஏறி வந்த படியில் எல்லோரும் பார்க்க இறங்குவது என்றால் மானம் போகிற காரியம். அதுவும் சொந்தமெல்லாம் அவளைச் சினிமாவில் தேடிக்கொண்டிருக்கும்போது!

லேப் என்றால் ரத்தப் பரிசோதனை செய்கிற இடம். ஊரெங்கும் கிளைகள். பரிசோதனை முடிவை மக்கள் போனிலேயே பார்த்துக்கொள்ள ஒரு சைட் வேண்டும் என்றார்கள். அவளுக்கு இந்த வேலையில் சொந்தக் கதை ஒன்று இருந்தது. கொஞ்ச நாள் முன்னால் அம்மா ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டு, போனில் முடிவைப் பார்த்து, அழுதுகொண்டே கூப்பிட்டிருந்தாள்.

"என்னமோ நெகட்டிவ்னு வந்திருக்குடி. நான் யாருக்கு என்ன பாவம் பண்ணினேன்?"

"அம்மா, நெகட்டிவ்னா நல்லதும்மா. நோய் இல்லன்னு அர்த்தம்."

"நல்லதுன்னா நல்லதுன்னு போட வேண்டியதுதானே! எதுக்கு மனுஷிய அழ வைக்கிறான்?"

இந்தக் கதையை அவள் தன் டீமுக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு, ஜென்மத்தில் முதல் தடவையாக, எப்படி வரைய வேண்டும் என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டாள்.

இந்த வேலையின் டிசைனர் பெயர் சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். சுருட்டை வரைய, இவள் பக்கத்து நாற்காலியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, கை மரத்துப் போயிடப் போகுது."

"போனாப் போகட்டும். நீ வேலையைப் பாரு."

"மூச்சாவது விடுங்க அக்கா."

சிரமமாகத்தான் இருந்தது. தலைப்பு ஒரு நூல் கீழே இருப்பது அவள் கண்ணுக்கு முள்ளாய்க் குத்தும். சொல்ல மாட்டாள். "இதை யாரு, எங்க நின்னு படிப்பாங்க?" என்று மட்டும் கேட்பாள். சுருட்டை நகத்தைக் கடித்தபடி யோசித்து, "பஸ்ல, நெரிசல்ல, ஒத்தைக் கையில போனோட" என்பாள். சொல்லிவிட்டுத் தானே தலைப்பை மேலே ஏற்றுவாள், எழுத்தைப் பெரிதாக்குவாள், வேண்டாத எண்களை எல்லாம் அடியில் தள்ளுவாள். கடைசியில் பக்கத்தின் நடுவில் ஒரே ஒரு வரி நின்றது: 'நீங்கள் சோதித்த நோய் உங்களுக்கு இல்லை.' அம்மாவுக்குக்கூடப் புரிகிற வரி. அதைப் பார்த்தபோது அவளுக்கு வந்த சந்தோஷம், தன் கையால் வரைந்த எதற்கும் வந்ததில்லை. அது அவளுக்கே அதிசயமாக இருந்தது.

லேப் டாக்டரிடம் வேலையைக் காட்டும் நாள் வந்தது. டாக்டர்தான் அந்த லேப்பின் உரிமையாளர். அவள் ஆபீசிலேயே, கண்ணாடிச் சுவர் போட்ட மீட்டிங் அறை. ஒரு பக்கம் டாக்டரும் அவருடைய ஆட்களும், எதிரே முதலாளியம்மா, அவள், லேப்டாப்போடு சுருட்டை.

பாதியில் தற்செயலாக வெளியே பார்த்தவளுக்குத் தூக்கி வாரிப் போட்டது. வரவேற்பறை சோபாவில் அப்பா. பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையும் மடியில் கவருமாகச் சித்தப்பா. ஷூட்டிங் பார்க்க வந்திருக்கிறார்கள்! சித்தப்பா கவரைத் தூக்கி ஆட்டி வேறு காட்டினார். கண்ணாடி வழியாகச் சத்தம் போகாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே நேரத்தில் சுருட்டை, "சார், இது நான் இன்னிக்குக் காலையில சேர்த்தது, அக்காவுக்கே தெரியாது" என்று ஒரு பட்டனைத் தட்டினாள்.

திரையில் அந்த வரி வந்தது. நோய் இல்லை. அதோடு மேலிருந்து பூவாய்க் கொட்டியது. மஞ்சளும் வெள்ளையுமாக, மெல்லச் சுழன்று சுழன்று திரை முழுக்கப் பூமழை. செய்த விதம் அப்படி ஒரு அழகு. டாக்டரின் ஆட்கள் கைதட்டினார்கள். டாக்டருக்கு வாயெல்லாம் பல்.

"பிரமாதம்! இது ஒண்ணு போதும்மா. விளம்பரத்துலயே போட்டுடலாம்."

முதலாளியம்மாகூடச் சிரித்துவிட்டார். வேலை முடிந்த மாதிரிதான். நாற்காலியும் நிலைத்த மாதிரிதான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

மேஜைக்கு அடியில் அவளுடைய வலது கால் தரையை அழுத்தியது.

என்ன ஆபத்து என்று முதலில் அவளுக்கே தெரியவில்லை. காலுக்குத்தான் முன்னால் தெரிந்தது, பிறகுதான் புத்திக்கு எட்டியது. மவுஸ் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. பழைய ஆளாக இருந்தால் அதைப் பிடுங்கிப் பூவை அழித்துவிட்டுத்தான் பேசவே தொடங்கியிருப்பாள். கையை மடியில் கோத்துக்கொண்டாள்.

"சுருட்டை, பூ ரொம்ப அழகா இருக்கு. எனக்கு இன்னொரு பக்கத்தைக் காட்டறியா? நோய் இருக்குன்னு முடிவு வந்தவங்களோட பக்கம்."

சுருட்டை அதைத் திறந்தாள். அதே வெள்ளை. அதே எழுத்து. 'உங்கள் முடிவைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்' என்ற வரி, அதற்குக் கீழே போன் நம்பர். பூ இல்லை. ஒன்றுமே விழவில்லை. அறையில் எல்லோரும் எதுவும் விழாத அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அய்யோ, அக்கா" என்றாள் சுருட்டை. குரல் இறங்கிவிட்டது. "பூ விழலன்னாலே தெரிஞ்சு போயிடும்."

"படிக்கிறதுக்கு முன்னாடியே" என்றாள் அவள்.

டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. "ஆனா பெரும்பாலும் எல்லாருக்கும் நல்ல முடிவுதானேம்மா வருது. அவங்க சந்தோஷப்படட்டுமே?"

"சந்தோஷப்படட்டும் சார், நல்லாவே படட்டும். ஆனா மத்தவங்களும் உங்க லேப்புக்குத்தான் வர்றாங்க. பக்கத்து வீட்டு அம்மா போன்ல பூ கொட்டினதை நேத்துப் பார்த்திருப்பாங்க. இன்னிக்குத் தன் போனைத் திறந்துட்டு, பூ எப்ப விழும்னு காத்துக்கிட்டு நிப்பாங்க. அந்த நிமிஷத்துல அவங்க கையில இருக்கிறது நாம செஞ்ச பக்கம் சார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அந்த வெறுந்திரையைப் பார்த்தார்.

"எடுத்துடுங்க" என்றார்.

எடுத்தது சுருட்டைதான். தன் பூவைத் தானே, முகம் சுளிக்காமல் எடுத்தாள். எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்து, நடு வரியை இரண்டிலும் ஒரே இடத்தில் நிறுத்தினாள். யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்குச் சுருட்டையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கிளம்பும்போது டாக்டர் வாசலில் நின்று, "எல்லாம் சரிம்மா. எங்க லோகோவை மட்டும் கொஞ்சம் பெருசு பண்ணிடுங்க" என்றார். உலகத்தில் எந்த வாடிக்கையாளரும் இதைச் சொல்லாமல் வீட்டுக்குப் போனதில்லை.

"இன்னும் கொஞ்சம்தானே சார்? பண்ணிடலாம்" என்றாள் அவள். சுருட்டை லேப்டாப்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

முதலாளியம்மா எல்லோரும் போன பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "உங்க பழைய நாற்காலிக்கு வேற ஆள் பார்க்கச் சொல்லிடறேன்."

வீட்டுக்குப் பயிற்சிக் காரில்தான் போனார்கள். அப்பா ஓட்ட, பக்கத்தில் சித்தப்பா, பின்சீட்டில் அவள். சின்ன வயதில் உட்கார்ந்த அதே சீட். சித்தப்பாவுக்கு எல்லாம் சப்பென்று ஆகிவிட்டிருந்தது.

"என்னண்ணே இது? ஷூட்டிங்னு கூட்டிட்டு வந்தே. ஒரு கேமரா இல்ல, ஒரு செட்டு இல்ல. நாலு பேரு டிவி பார்த்துட்டு உக்காந்திருக்காங்க. நம்ம பாப்பா அதுகூடப் பண்ணல. அந்தச் சுருட்டை முடிப் பொண்ணுதான் எல்லா வேலையும் பார்த்துச்சு. இவ கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா பார்த்துக்கிட்டு இருந்தா!"

கோபத்தில் சித்தப்பா காலை நீட்ட, அது அடியிலிருந்த பிரேக்கில் பட்டது. கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள்.

"அதுல கால் வைக்காதடா" என்றார் அப்பா. வண்டியை மறுபடி கிளப்பினார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பேச்சு பொய்யாகிப் போனதே, இனி சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பார் என்று அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"அப்பா, நான்தான் அன்னிக்கே சொன்னேன்ல…"

"நீ சொன்னே. எனக்குத்தான் புரியல" என்றார் அப்பா. கண்ணாடியில் ஒருமுறை அவளைப் பார்த்துக்கொண்டு, தம்பியிடம் திரும்பினார்.

"நீ திரையைப் பார்த்துட்டு இருந்தே. நான் மேஜைக்குக் கீழ பார்த்தேன். எல்லாரும் கைதட்டினாங்களே, அப்ப இவ காலு அழுத்துச்சு. அதுக்கப்புறம்தான் அத்தனை பேரும் கம்முனு ஆனாங்க. அந்தப் பொண்ணு ஓட்டுது. இவ பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கா. ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லடா, ஒரு தடவைகூடத் தொடல. நானே சில நாள் பொறுக்க மாட்டாம பிடுங்கிடுவேன், உனக்குத் தெரியும்."

சித்தப்பா இரண்டு கால்களையும் பிரேக்கிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டார். பின்சீட்டில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. எத்தனை மாசமாக எத்தனை பேரிடம் அவள் விளக்கிச் சொல்லித் தோற்ற வேலை அது!

அப்பாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். யாரோ தூரத்துச் சொந்தம். என்ன, பொண்ணு சினிமாவுல இருக்காளாமே, எந்தப் படம் என்று விசாரித்தார்.

"சினிமாவா? யாரு சொன்னது?" என்றார் அப்பா, கொஞ்சமும் கூச்சமில்லாமல். "எம் பொண்ணு என் தொழிலுக்கு வந்துட்டா."